காப்பகத்து நாய் வீட்டுக்கு வருமுன்னும் வந்தபின்னும்: சென்னைக்காரர்களுக்கு ஒரு கையேடு

தெருமுனையில் நான்கு குட்டிகள் கிடக்கின்றன. தாயைக் காணோம். பார்த்தவர் மனசு கேட்காமல் அட்டைப்பெட்டியில் எடுத்துப் போட்டு, ஆட்டோ பிடித்து, ஒரு காப்பக வாசலில் இறக்கிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார். பத்து நாளில் அந்த நான்கும் செத்துப்போக வாய்ப்பு அதிகம். இதில் காப்பகத்தின் அலட்சியம் எதுவும் இல்லை. அடிபட்டதும் நோய்வாய்ப்பட்டதும் ஊர் முழுவதிலுமிருந்து வந்து குவியும் இடத்தில், ரத்த பேதி வரவைக்கும் பார்வோ, நரம்புவரை தாக்கும் டிஸ்டெம்பர் போன்ற கிருமிகளை முழுசாக ஒழிக்கவே முடியாது. ஊசி போடாத, பால் மறக்காத குட்டிக்கு அவற்றைத் தாங்கும் தெம்பு கிடையாது.

அதனால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். காப்பகம் என்பது வேறு வழியே இல்லாத உயிருக்கான இடம். அங்கே ஒரு இடம் காலியாவதற்கு நாம் செய்யக்கூடியவை மூன்று: தேவையில்லாமல் ஒன்றைக் கொண்டுபோய் விடாமலிருப்பது, அங்கிருக்கும் ஒன்றை எடுத்து வளர்ப்பது, எடுத்ததைத் திருப்பி அனுப்பாமலிருப்பது. மூன்றாவதுதான் கடினம். இந்தக் கையேட்டில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

யாரிடம் எதற்குப் போவது

சென்னையின் பழைய காப்பகங்களில் ஒன்று கிண்டியில் இருக்கும் புளூ கிராஸ். 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கியது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடும் முறையை இந்த ஊரில் அறுபதுகளிலேயே முன்னெடுத்தவர்கள் அவர்கள். அடிபட்ட, ஆதரவற்ற விலங்குகளுக்கும் தத்தெடுப்புக்கும் இதுபோன்ற தொண்டு நிறுவனங்களை அணுகலாம்.

மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்கள் புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை போன்ற இடங்களில் உள்ளன. தெருநாய்க்குக் கருத்தடை வேண்டும், வெறிபிடித்த மாதிரி ஒரு நாய் திரிகிறது என்றால் 1913க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரைப் பின்தொடர முடியாது.

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் சிகிச்சை என்றால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி 1903இல் தொடங்கியது. ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, அறுவை எல்லாம் ஒரே வளாகத்தில் தனியார் கிளினிக்கைவிட மிகக் குறைந்த செலவில் நடக்கும். கூட்டம் அதிகம் என்பதால் காலையில் சீக்கிரம் போங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். வரிசையில் குட்டியைத் தரையில் விடவே கூடாது. மடியிலோ கூடையிலோ வையுங்கள். பக்கத்தில் இருக்கும் நாய் எதற்காக வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

தெருவில் குட்டிகளைப் பார்த்தால்

தாய் இல்லை என்று முடிவுகட்டுமுன் நான்கைந்து மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். பால் கொடுக்கும் நாய் சாப்பாடு தேடித் தூரமாகப் போகும், ஆள் நின்றால் கிட்டே வராது. குட்டிகள் வயிறு நிறைந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கினால் தாய் வந்துபோகிறது. ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால், தொடும்போது உடம்பு சில்லிட்டிருந்தால் தாய்க்கு ஏதோ ஆகிவிட்டது.

தாய் இருக்கிறது என்றால் குட்டிகளை எடுக்காதீர்கள். மழைச்சாரலும் வண்டிச் சக்கரமும் படாத மூலையில் நாலு செங்கல்லும் ஒரு பழைய தகரமும் வைத்து மறைப்புக் கட்டி, உள்ளே சாக்கு விரியுங்கள். தாய்க்கு இரண்டு வேளை கறிச்சோறும் எந்நேரமும் தண்ணீரும் கிடைக்கட்டும். அதன் வயிறு நிறைந்தால் குட்டிகள் பிழைக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் குட்டிகள் தாமே சாப்பிடும்போது புழு மருந்து கொடுத்து, முதல் ஊசி போட்டு, அங்கிருந்தே வீடு தேடலாம். பால் வற்றியதும் தாய்க்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் அதே மூலையில் ஆறேழு மாதத்தில் அடுத்த ஈற்று.

கண் திறக்காத குட்டிகள் தாயை இழந்திருந்தால் நீங்களே வளர்ப்பதுதான் காப்பகத்தைவிடப் பாதுகாப்பு. முதல் வேலை சூடு, பால் அப்புறம். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது, செத்துப்போகும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். பசும்பால் நாய்ப்பாலைவிட மிக நீர்த்தது, வயிற்றாலே போகும். நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு, மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியிலும்.

புகட்டும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். தாய் மடியில் குடிப்பது போலக் குப்புறப் படுக்கவைத்து, தலையை லேசாகத் தூக்கி, அதுவாகச் சப்பட்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றின் கீழும் வாலடியிலும் மெதுவாக வருடிக்கொடுங்கள். தாய் நக்கிவிடுவது இதற்காகத்தான். மூன்று வாரம் வரைக்கும் தூண்டிவிடாமல் அதற்குச் சிறுநீரும் மலமும் போகாது. தினமும் சமையல் தராசில் எடை போடுங்கள். நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றாலே டாக்டரிடம் போகும் நேரம்.

அடிபட்ட நாய்

காப்பகத்துக்கு அழைக்கும்போது "ஒரு நாய் பாவம், சீக்கிரம் வாங்க" என்றால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. தெருப்பெயர், பக்கத்துக் கடை, அசைகிறதா, எந்தக் கால், ரத்தம் வழிகிறதா, புழு வைத்திருக்கிறதா என்று சொல்லி, ஒரு போட்டோவும் லொகேஷனும் அனுப்புங்கள். முக்கியமாக, வண்டி வரும்வரை ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். வலியில் இருக்கும் நாய் நொண்டிக்கொண்டே எங்காவது காருக்கடியில் போய்ப் படுத்துவிடும், வந்தவர்கள் தேடிப் பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவார்கள்.

நீங்களே தூக்கிப்போவதென்றால், எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு துப்பட்டாவில் தளர்வான முடிச்சு வளையம் போட்டு, பின்னாலிருந்து மூக்கின்மேல் மாட்டி இறுக்கி, இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே ஒரு தடவை கட்டி, காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் முடியுங்கள். மூச்சுத்திணறலோ வாந்தியோ இருந்தால் வாய் கட்டக்கூடாது. உடம்பை அலுங்காமல் பெட்ஷீட்டின்மேல் இழுத்து, இரண்டு பேராக நாலு முனையையும் பிடித்துத் தூக்குங்கள். புழு வைத்த புண்ணில் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. புழு சாகுமுன் சதை வெந்துபோகும்.

எச்சில் ஒழுக, தாடை தொங்க, குரல் மாறி, தள்ளாடிக்கொண்டு, காரணமில்லாமல் எதையும் கடிக்கப் பாய்கிற நாயைத் தொடவே வேண்டாம். இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் வெறிநோய் வகையும் உண்டு. ஆட்களை விலக்கிவிட்டு 1913க்குச் சொல்லுங்கள்.

எடுக்குமுன் வீட்டில் பேச வேண்டியது

நாட்டு நாய் நன்றாக வளர்த்தால் 12 முதல் 15 வருஷம் இருக்கும். இன்று ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்காக எடுத்தால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போனபிறகும் நாய் உங்களோடு இருக்கும். எனவே பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு வேண்டாம். வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் "இது என் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், குறைந்தது வாட்ஸ்அப் செய்தியாகவாவது. "ஹவுஸ் ஓனர் ஒத்துக்கல" என்பது நாய்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுபவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம். சொந்த அடுக்ககத்தில் நிலைமை வேறு. செல்லப்பிராணியே வளர்க்கக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது என இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. லிப்டில் வரும்போது கயிற்றில் பிடிப்பது, அசிங்கத்தை அள்ளுவது போன்றவற்றை எதிர்பார்க்கச் சங்கத்துக்கு எல்லா நியாயமும் உண்டு.

முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை குட்டியே அல்ல. இரண்டு, மூன்று வயதான, கருத்தடை ஆன நாய். அதன் உயரம், குணம், பூனையைக் கண்டால் என்ன செய்யும், குழந்தையைக் கண்டால் என்ன செய்யும் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. பார்வோ ஆபத்தைப் பெரும்பாலும் தாண்டிவிட்டது. செருப்பைக் கடிக்கும் வயதும் போயிற்று. காப்பகங்களில் இவைதான் வருஷக்கணக்கில் காத்திருக்கின்றன.

குட்டியோ பெரியதோ, கூட்டிவருமுன் இவற்றைக் கேளுங்கள்: எந்தத் தேதியில் வந்தது? எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது, ஊசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இருக்கிறதா? அதே கூண்டில் கடந்த இரண்டு வாரத்தில் எந்தக் குட்டியாவது ரத்த பேதியில் செத்ததா? கேட்பதில் தயக்கம் வேண்டாம். அங்கிருப்பவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்பவரையே விரும்புவார்கள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிதாக வருவதை 14 நாள் தனியறையில் வையுங்கள். தனித் தட்டு, தனித் துணி.

உங்கள் வீட்டில் முன்பு ஒரு குட்டி பார்வோவில் இறந்திருக்கிறதா? அப்படியானால் முழுசாக ஊசி போடாத இன்னொரு குட்டியைக் குறைந்தது ஆறு மாதத்துக்குக் கொண்டுவர வேண்டாம். கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலும் டெட்டாலும் அதை நம்பகமாகக் கொல்லாது. பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு கலந்து, தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பிளீச்சோடு ஆசிட்டையோ வேறு கிளீனரையோ கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

முதல் இரண்டு வாரம்

புது நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அதற்கு உங்கள் வீடு வீடாகவே தெரியாது. கதவு கொஞ்சம் திறந்தாலும் ஓடும், ஓடியபின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. முதல் நாளே கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த வில்லை மாட்டுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். வெளியே போகும்போது பட்டையில் ஒரு கயிறு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் ஒரு கயிறு என்று இரட்டைப் பிடிப்பாக இரண்டு வாரம் நடத்துங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் தலை பட்டையிலிருந்து சுலபமாக உருவிக்கொள்ளும்.

முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கடியிலிருந்து வராது. வற்புறுத்தி இழுக்காதீர்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வர வேண்டாம். குளிப்பாட்டவும் வேண்டாம். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, அதன் கண்ணைப் பார்க்காமல், கைக்கெட்டும் தூரத்தில் கறித்துண்டு ஒன்று வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அதுவாக வந்து கையை முகரும். அப்போதும் தலைக்குமேல் கை கொண்டுபோகாமல் மார்பையோ தாடையின் கீழோ தடவுங்கள்.

குட்டிக்கு மூத்திரம் பழக்குவது நேரக்கணக்கு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து நிமிடத்தில், விளையாடி முடித்ததும், மற்றபடி இரண்டு மணிக்கொரு முறை மொட்டைமாடி, பால்கனி போன்ற தெருநாய் வராத இடத்துக்குக் கொண்டுபோய், மூத்திரம் போன அந்த நொடியே தின்ன ஏதாவது கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் சத்தம் போடுவதும் மூக்கைத் தேய்ப்பதும் வீண். உங்கள் எதிரில் போகக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போகத் தொடங்கும்.

ஊசியும் புழு மருந்தும்

செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று சொல்லப்படும் கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். பிறகு 3, 4 வாரத்துக்கொரு முறை, 16 வாரம் ஆகும்வரை. ஏன் இத்தனை தடவை என்று பலர் கேட்டு, இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடும். அது எப்போது தீரும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் மாறும். கடைசி ஊசி 16 வாரத்தைத் தொட்டால்தான் அந்த இடைவெளி அடைபட்டது என்று நம்பலாம். அதுவரை தெரு மண்ணில் நடக்கவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டுங்கள்.

ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் ஒன்று, 3, 4 வாரம் கழித்து ஒன்று, அப்புறம் வருஷாவருஷம். கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சல் தடுப்பும் சேர்ந்திருக்கும். மழைக்காலத்தில் சாக்கடை நீர் தெருவில் ஏறும் நம் ஊரில் அதை விட்டுவிடக் கூடாது.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கைப்பையில் போட்டு மே மாத வெயிலில் அரைமணி நேரம் பைக்கில் கொண்டுபோனால், ஊசி போட்டும் போடாத கணக்குத்தான். டாக்டரின் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டு, குப்பியின் ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்கவும் புத்தகத்தின் அந்தப் பக்கம்தான் வேண்டும்.

புழு மருந்து இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை, மூன்று மாதத்துக்குப் பின் மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கொரு முறை. அளவு எடையை வைத்து. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். மெலிந்த உடம்பில் பானை வயிறு தெரிந்தால் அது பெரும்பாலும் புழு. கொழுப்பு என்று சந்தோஷப்பட வேண்டாம்.

ஒரு வேளை சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு பேதி போனால் ஓமவாட்டர் கொடுத்துப் பார்க்கும் நேரமல்ல. பார்வோவில் குட்டி சாவது பெரும்பாலும் நீர் வற்றியும் ரத்தத்தில் கிருமி கலந்தும்தான். அன்றைக்கே டிரிப்ஸ் ஏறினால் பிழைக்க வாய்ப்பிருக்கிறது.

தயிர்சாதம் போதாது

நம் வீடுகளில் நாய்க்குத் தயிர்சாதம், பால்சோறு, பிஸ்கட்தான். வளர்ந்த நாய் அதில் எப்படியோ உயிரோடிருக்கும். வளரும் குட்டிக்கு நாலாவது மாதத்தில் முன்னங்கால்கள் வில்லாக வளையும், மணிக்கட்டு தரையில் படியும், நடக்க மறுக்கும். சுண்ணாம்புச்சத்தும் புரதமும் இல்லாத குறை அது. குட்டிகளுக்கு நல்ல பப்பி உணவு வாங்கிக் கொடுப்பதே பத்திரம். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கால்சியம் அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், கூடினாலும் எலும்பு கெடும்.

15 கிலோ எடையுள்ள, கருத்தடை ஆன பெரிய நாய்க்கு ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய இது: வேகவைத்த எலும்பில்லாக் கோழி 250 கிராம், சோறு 300 கிராம், ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ, சில நாள் கொஞ்சம் ஈரல், வறுத்து நைசாகப் பொடித்த முட்டை ஓடு அரை டீஸ்பூன். இரண்டு வேளையாகப் பிரித்து. உப்பு, மசாலா வேண்டாம். பச்சையாக மாதம் 10 கிலோ கோழி ஆகும். கட்டுப்படியாகுமா என்று எடுக்குமுன்பே கணக்குப் போடுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. அதைப் பார்த்துச் சோற்றைக் கூட்டிக் குறைக்கலாம்.

வெங்காயம், பூண்டு ரத்த அணுக்களைச் சிதைக்கும், சாம்பாரில் வெந்திருந்தாலும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசம் வைக்கும் நாளில் கவனம். சாக்லேட் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். காய்ச்சல் என்று நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும், இபுபுரூபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும்.

உண்ணி

சென்னை நாய்களை ஓயாமல் படுத்துவது உண்ணிக்காய்ச்சல். வாரம் இருமுறை காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்கடியில், விரல் இடுக்கில், வாலடியில் தடவிப் பாருங்கள். மிளகு அளவில் கையில் நெருடும். குறட்டால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் விரலில் நசுக்கக்கூடாது. தீக்குச்சி வைப்பதும் எண்ணெய் ஊற்றுவதும் பயனற்ற கொடுமை.

நாயின்மேல் தெரிவது கொஞ்சம்தான். ரத்தம் குடித்து முடித்த உண்ணி இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்திலும் முட்டையிடும். ஷாம்பு போட்டும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். டாக்டர் எழுதிக்கொடுக்கும் உண்ணி மாத்திரையை விடாமல் கொடுங்கள். மாதம் ஒன்று, அல்லது 12 வாரத்துக்கு ஒன்று என இரண்டு வகை உண்டு. கூடவே சுவர் இடுக்குகளைப் பூசி அடையுங்கள். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் போட்டால் பூனை வலிப்பு வந்து சாகலாம்.

உண்ணிக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து, உடம்புச் சூடு 103 பாரன்ஹீட்டைத் தாண்டினால், மூக்கில் ரத்தம் கசிந்தால், அன்றே ரத்தப் பரிசோதனை. மூக்கு காய்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

கருத்தடை, உரிமம்

ஆறு மாதம் ஆனதும் டாக்டரிடம் தேதி கேளுங்கள். ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயதானபின் கருப்பையில் சீழ் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். அறுவைக்கு முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்துங்கள், எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்வார். பரிதாபப்பட்டு விடியற்காலையில் பால் கொடுத்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகும். திரும்பி வந்தபின் பத்து நாள் கழுத்தில் கூம்பு, குளியல் கிடையாது, மாடிப்படி ஓட்டம் கிடையாது. கூம்பை ஒரு மணி நேரம் கழற்றினால் போதும், தையலை நக்கிப் பிரித்துவிடும்.

தெருநாய்க்குக் கருத்தடை ஆனதன் அடையாளம் காதில் சின்ன வெட்டு. 2023ஆம் ஆண்டின் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த இடத்திலேயே அதைத் திரும்ப விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு உத்தரவு போட்டது. உங்கள் தெருவில் கருத்தடையும் ஊசியும் ஆன நாய்கள் இருந்தால் அவை வெளியிலிருந்து வரும் நாய்களை அண்டவிடாது. அவற்றை விரட்டினால் அந்த இடத்துக்கு ஊசி போடாதவை வந்து சேரும்.

வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். முகவரிச் சான்று, போட்டோ, நடப்பு ரேபிஸ் ஊசிச் சான்று தயாராக வையுங்கள். மைக்ரோசிப்பும் போட வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி அளவில் ஏறும், 15 இலக்க எண் கொண்டது. உரிமமில்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் அறிவித்தார்கள். அபராதத்துக்காக இல்லாவிட்டாலும், தொலைந்த நாயை உங்களோடு சேர்க்கும் அடையாளம் அது. போன் நம்பர் மாறினால் பதிவிலும் மாற்றுங்கள்.

தீபாவளி, வெயில், வெள்ளம்

தீபாவளி வாரத்தில் மாலை ஐந்து மணிக்குள் நடை முடிந்திருக்க வேண்டும். தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு உள்ளறை, அதில் ஃபேன் சத்தம், படுக்கைக்கடியில் ஒரு மறைவிடம். வெடிக்கு நடுங்கும் நாய்க்கு மருந்து தேவையென்றால் ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள், ஒரு தடவை கொடுத்துப் பார்க்க அவகாசம் வேண்டும். பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் கூடிவிடும் என்பது தப்பு, தாராளமாகப் பக்கத்தில் உட்காருங்கள்.

கத்திரி வெயிலில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் மறந்திருக்காது. மழை எச்சரிக்கை வந்ததுமே சங்கிலியைக் கழற்றுங்கள். கட்டிய நாயால் நீந்த முடியாது. ஊசிப் புத்தகம் பிளாஸ்டிக் உறையில், மூன்று நாள் தீனி, கயிறு, உங்களோடு அது நிற்கும் ஒரு போட்டோ, எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

கடித்துவிட்டால்

உங்கள் நாயோ தெருநாயோ, கடியோ நகக்கீறலோ, முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். கடிகாரம் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போனால் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயம் என்றால் ஊசியோடு காயத்தைச் சுற்றிப் போடும், உடனடி எதிர்ப்புச்சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும், நீங்களே கேட்டு வாங்குங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கலாம், ஆனால் அதுவரை ஊசிக்குக் காத்திருக்கக்கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றும் மருந்து இல்லை.

வைத்துக்கொள்ளவே முடியாதபோது

விசா வந்துவிட்டது, வீட்டில் ஒருவருக்குக் கடும் ஆஸ்துமா, வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். இப்படி நேரும். குறைந்தது இரண்டு மாத அவகாசம் எடுத்துக்கொண்டு புதுவீடு தேடுங்கள். சொந்தபந்தம், அபார்ட்மெண்ட் குழு, தத்தெடுப்புப் பக்கங்கள், உங்கள் டாக்டரின் கிளினிக் என்று எங்கும் சொல்லிவையுங்கள். எடுத்த காப்பகத்துக்கு முதலிலேயே தெரிவியுங்கள். பல இடங்களில் தத்துப் படிவத்திலேயே இந்த நிபந்தனை இருக்கும். ஈசிஆர் ஓரத்தில் இறக்கிவிட்டு வருவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சோறு தின்ற நாய்க்குத் தெருவில் சாப்பாடு தேடத் தெரியாது, அந்தத் தெருவின் நாய்களும் அதை விடாது. பெரும்பாலும் இறக்கிவிட்ட இடத்திலேயே நின்று போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

புது ஆளை இரண்டு மூன்று தடவை உங்கள் வீட்டுக்கே வரவழைத்து, கூட நடக்கவிட்டு, அப்புறம் அனுப்புங்கள். உரிமத்தையும் மைக்ரோசிப் பதிவையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள். கொடுத்தனுப்ப வேண்டியவை: ஊசிப் புத்தகம், ஒரு வாரத் தீனி, அது படுத்துக் கிடந்த, துவைக்காத போர்வை. கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிடும், எதற்குப் பயப்படும், எந்தக் காதைத் தொட்டால் உறுமும், "வா" என்பீர்களா "கம்" என்பீர்களா, எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும்.